சனிக்கிழமை மூன்று பார்ட்டி

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஆங்கில மிஸ்ஸுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கரும்பலகையில் ஒரே ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, அதை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்வார். அந்த நேரத்தில் என் கை பெஞ்சுக்குக் கீழேதான் இருக்கும். கண்ணும் அங்கேதான் இருக்கும். ஆனால் ஒரு நாள் அவர் 'பார்ட்டி' என்று எழுதினார். வகுப்பிலேயே முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். பார்ட்டி எங்கள் வீட்டு வார்த்தை. சோறு, தண்ணீர் மாதிரி பிறந்ததிலிருந்து காதில் விழுந்துகொண்டிருந்த வார்த்தை. அது ஆங்கிலம் என்பதே கரும்பலகையில் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

"எஸ்டர்டே ஒன் பார்ட்டி ஸ்லெப்ட் இன் அவர் ஹவுஸ்" என்றேன்.

மிஸ் சாக்பீஸைக் கீழே வைத்தார். "பார்ட்டி எப்படிம்மா தூங்கும்?"

"குறட்டை விட்டுத் தூங்கும் மிஸ்."

வகுப்பு சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். முந்தின நாள் வந்திருந்த விஜயவாடா பார்ட்டியின் குறட்டை நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. அதைத்தான் எல்லோரும் நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் வீடு விருதுநகரில். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து நடத்திய பட்டாசுக் கம்பெனி ஆமத்தூர்ப் பக்கம் இருந்தது. எங்களிடம் சரக்கு எடுக்க வெளியூரிலிருந்து வருகிற வியாபாரிகளுக்கு வீட்டில் பார்ட்டி என்றுதான் பெயர். அவர்களுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. ஊர்ப் பெயர் போதும். கட்டாக் பார்ட்டி, விஜயவாடா பார்ட்டி, இந்தூர் பார்ட்டி. சொன்ன தேதிக்குச் சரியாக நடந்துகொண்டால் நல்ல பார்ட்டி. ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்த்துக் குறை சொன்னால் வம்பு பார்ட்டி. வாசலில் பெரிய கார் வந்து நின்றால், ஆள் இறங்குவதற்கு முன்பே பெரிய பார்ட்டி. தேர்தல் சமயத்தில் கொடி கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வருகிறவர்களையும் பார்ட்டி என்றார்கள். அவர்களும் வெளியூர்க்காரர்கள் போலிருக்கிறது, ஆனால் சரக்கு எடுக்காமல் கும்பிட்டுவிட்டு மட்டும் போகிறார்களே என்று நினைத்திருக்கிறேன்.

நான் படித்த பள்ளிக்கூடம் கலெக்டர் ஆபீஸ் பக்கம். கூடப் படித்தவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள், வங்கி அதிகாரிகளின் பிள்ளைகள். பிள்ளைக்கு இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று அப்பா என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். வந்ததோ இல்லையோ, வீட்டிலிருந்து நான் அங்கே கொண்டுபோன இங்கிலீஷ் கொஞ்சம் இருந்தது. லோடு, ஆர்டர், சாம்பிள், சீசன், பார்ட்டி. இவற்றில் எதுவுமே பாடப்புத்தகத்தில் இல்லை.

மறுநாள் மிஸ் வகுப்புக்கு வந்ததும் என்னை எழுப்பி நிறுத்தினார். வீட்டில் போய் டிக்‌ஷனரியைப் பார்த்தாராம். "நீ சொன்னதும் தப்பில்ல. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடற ஆளையும் பார்ட்டின்னு சொல்லலாம். ஒரு வழக்குல ஒவ்வொரு பக்கத்துக்காரங்களையும் பார்ட்டின்னு சொல்லலாம். ஆனா பார்ட்டி தூங்கும்னு மட்டும் அதுல எங்கயும் போடல" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆங்கில வகுப்பில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அது.

கைதட்டியவர்களில் ஷ்ரேயாவும் இருந்தாள். அவள் அப்பா வங்கி மேனேஜர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அவளுடைய பிறந்தநாள் பார்ட்டி போன மாதம் முடிந்திருந்தது. அப்போது எனக்கு அம்மை போட்டு வேப்பிலைப் படுக்கையில் இருந்ததால் நான் போகவில்லை. கேக்கு வெட்டினார்கள், தொப்பி வைத்தார்கள் என்று மற்றவர்கள் சொன்னது எதுவும் எனக்குச் சரியாகப் புரியவும் இல்லை. எங்கள் வீட்டில் பிறந்தநாள் என்றால் தலைக்கு எண்ணெய், இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்கு, மத்தியானம் பாயசம், அவ்வளவுதான்.

இடைவேளையில் ஷ்ரேயா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்க வீட்ல அடிக்கடி பார்ட்டி இருக்குமா?"

"சீசன்ல தெனமும் வரும்."

"தினமுமா?" அவள் கையிலிருந்த பிஸ்கட் நின்றுவிட்டது. "என்ன சாப்பிடக் குடுப்பீங்க?"

"பூரி, உருளைக்கெழங்கு. அப்பறம் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. சாயந்தரமானா சாம்பிள் வெடி போட்டுக் காமிப்பாக. புஸ்வாணம், சங்குசக்கரம், சரம் எல்லாம்."

பக்கத்துப் பெஞ்சுகளிலிருந்தும் தலைகள் நீண்டன. எங்க வீட்ல வருசத்துக்கு ஒண்ணுதான் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஷ்ரேயா, "எங்களை ஒரு தடவை கூடக் கூப்பிட்டதே இல்லையே நீ" என்றாள். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வியாபாரிகள் வருவதை வேடிக்கை பார்க்க இவ்வளவு ஆசையா என்று எனக்கு ஆச்சரியம். ஆனாலும் எங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அடுத்த பார்ட்டி வரும்போது சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் நாங்கள், மாடியில் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை, அதனால் நான் இரண்டு தளத்துக்கும் சொந்தக்காரி. சமையல் ஒன்றாகத்தான் நடந்தது. ஆயுத பூஜை கழிந்த சில நாளில் மாடியில் தனியாக ஒரு அடுப்பு வந்தது. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. கீழே இட்லி என்றால் மேலே தோசை. மேலே கத்தரிக்காய் என்றால் நான் கீழே இறங்கிவிடுவேன்.

அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கம்பெனியில் புது ரகம் போடுவது பற்றித்தான் சண்டை. வானத்தில் ஏறி வெடிக்கிற வகைகளுக்கு இனி மவுசு, நாமும் போடுவோம் என்று அப்பா. புஸ்வாணம், சங்குசக்கரம், சரம் இவை போதும், அகலக் கால் வைக்க வேண்டாம் என்று பெரியப்பா. அப்பா கேட்காமல் கொஞ்சம் சாம்பிள் போட்டுப் பார்த்துவிட்டார். வேலையாட்கள் நிற்கும்போதே பெரியப்பா ஏதோ ஒரு வார்த்தை சொல்ல, அப்பா பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்ல, அதோடு பேச்சு நின்றது. அவை என்ன வார்த்தைகள் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

இருவரும் பேசாமல் போனதில் லாபம் எனக்குத்தான். இரண்டு பேருக்கும் நடுவே சேதி கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. "பாப்பா, ஒங்கப்பாட்ட சொல்லு, ஆமத்தூர்லருந்து லோடு கெளம்பிருச்சுன்னு" என்பார் பெரியப்பா. அப்பா ஒரு கை தூரத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருப்பார். நான் திரும்பி, "அப்பா, லோடு கெளம்பிருச்சாம்" என்பேன். "சரின்னு சொல்லு" என்பார் அப்பா. நான் மறுபடி திரும்பி, "சரியாம்" என்பேன். பெரியவர்களின் வியாபாரம் முழுவதும் என் வாய் வழியாக நடப்பதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் நான் தண்ணீர் குடிக்கப் போனால் இரண்டு பேரும் காத்திருப்பார்கள்.

பொங்கல் கழிந்து புது ஆர்டர் எடுக்கிற சமயம். ஒரு மாலையில் கம்பெனிக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் மாமா வந்தார். அப்பாவோடு கொஞ்ச நேரம், பிறகு மாடிக்குப் போய்ப் பெரியப்பாவோடு கொஞ்ச நேரம். இறங்கி வந்து செருப்பு மாட்டிக்கொண்டே அப்பாவிடம் சொன்னார். "சனிக்கெழம சாயந்தரம் ரெண்டு பார்ட்டியும் நேருக்கு நேரா உக்காந்துட்டீகன்னா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும். இந்தூர் பார்ட்டியும் அன்னைக்கு வந்துருவாகள்ல? அவுகள வச்சே பேசிருவோம்."

அப்பா தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற நான் கணக்குப் போட்டேன். இந்தூர் பார்ட்டி ஒன்று. ரெண்டு பார்ட்டி என்று ஆடிட்டர் மாமா சொன்னது தனி. ஆக மொத்தம் மூன்று. ஒரே நாளில், ஒரே நேரத்தில், மூன்று பார்ட்டி! எங்கள் வீட்டில் அதுவரை அப்படி நடந்ததேயில்லை.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். "சனிக்கெழம சாயந்தரம் எங்க வீட்ல மூணு பார்ட்டி. எல்லாரும் வாங்க." மூன்றா என்று வகுப்பு மூச்சடைத்துப்போனது. வழி கேட்டார்கள். தெப்பக்குளத்திலிருந்து வரச் சொல்லி, பட்டாசுக் கம்பெனி வீடு என்று கேட்டால் யாரும் சொல்வார்கள் என்றேன். வீட்டில் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பார்ட்டி வருவது அவர்களுக்கே தெரியும். அதில் நான் சொல்ல என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலையிலேயே இந்தூர் பார்ட்டி வந்துவிட்டார். வெள்ளை ஜிப்பா, தடித்த கண்ணாடி, உயரமான மனிதர், நல்ல வயசு. எங்கள் தாத்தா காலத்திலிருந்து சரக்கு எடுக்கிறவர். அப்பாவும் பெரியப்பாவும் அரைக்கால் சட்டை போட்டிருந்த நாளிலிருந்து அவர்களைத் தெரிந்தவர். அதனால்தான் அவரை வைத்துக் கம்பெனியைப் பாகம் பிரிப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். மத்தியானம் கீழே ஒரு விருந்து, அவர் மாடிக்குப் போனதும் அங்கே ஒரு விருந்து. இரண்டு வீட்டுச் சாப்பாட்டையும் மறுக்க முடியாமல் அவர் சோபாவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நடுவில் இந்தூர் பார்ட்டி, ஒரு ஓரத்தில் அப்பா, இன்னொரு ஓரத்தில் பெரியப்பா. ஆடிட்டர் மாமா மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். அம்மா சமையலறைக் கதவோரம், பெரியம்மா மாடிப்படியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பின்பக்கம் போய் விளையாடச் சொன்னார்கள். நான் முன்பக்கம் போனேன். என் ஆட்கள் வருகிற நேரம்.

முதலில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதன் பின்னால் ஒரு ஆட்டோ, அதற்குள் ஆட்டோ கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகள். பிறகு ஷ்ரேயா வீட்டுக் கார். பட்டுப்பாவாடை, ஜிகினா கவுன், கழுத்தில் போ டை கட்டிய பையன்கள். எல்லோர் கையிலும் பளபளக்கும் தாளில் சுற்றிய பொட்டலம். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வியாபாரியைப் பார்க்க வரும்போது இவர்கள் வீட்டில் சாம்பிள் கொடுத்து அனுப்புகிறார்கள் போல என்று நினைத்தேன். ஷ்ரேயாவின் அம்மா கார் கண்ணாடியை இறக்கி, "ஏழு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறோம்னு அம்மாகிட்ட சொல்லிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எல்லோரையும் வரிசையாக உள்ளே அழைத்துப் போனேன். ஆடிட்டர் மாமா அப்போதுதான் ஃபைல் நாடாவை அவிழ்க்கப் போனார். வாசல் வழியாக வகுப்பே வந்து நின்றதைப் பார்த்து அவர் கை அப்படியே நின்றது. நான் இந்தூர் பார்ட்டியைக் காட்டி, "இவுகதான் ஒரு பார்ட்டி" என்று அறிமுகம் செய்தேன்.

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். தோரணம் இல்லை, பலூன் இல்லை, ஒரு வயசான மனிதர் மட்டும் இருக்கிறார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஷ்ரேயா நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. அவள் முன்னால் போய்ப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, "ஹேப்பி பர்த்டே அங்கிள்" என்று கைகுலுக்கினாள். ஒருத்தி ஆரம்பித்துவிட்டால் போதாதா? எல்லோரும் வரிசையாகப் போய்க் கொடுத்தார்கள். ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்கள். இந்தூர் பார்ட்டியின் மடி நிறைந்து, சோபா நிறைந்து, பொட்டலங்கள் ஃபைலின் மேலும் ஏறின. அவர் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து நன்றி சொல்லிக்கொண்டே, கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். "யாருத்தா இவுகெல்லாம்?"

"என் கிளாசுப் பிள்ளைக. பார்ட்டிக்கு வந்திருக்காக."

"என்ன பார்ட்டிக்கு?"

"நீங்கதான சொன்னீக, இந்தூர் பார்ட்டி வருதுன்னு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்போது பெரியப்பா, என்னிடம் எப்போதும் பேசுகிற மெதுவான குரலில், "ஒரு பார்ட்டின்னியே பாப்பா, இன்னும் எம்புட்டுப் பார்ட்டி வருது?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு வரணும் பெரியப்பா. ஆடிட்டர் மாமா சொன்னாகள்ல, ரெண்டு பார்ட்டியும் இன்னைக்கு நேருக்கு நேரா உக்காரணும்னு. அவுகளத்தான் இன்னும் காணோம்."

ஆடிட்டர் மாமா மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். இந்தூர் பார்ட்டி, பாப்பா என்ன சொல்கிறது என்று இந்தியில் கேட்டார். வழக்கமாக இந்தியில் பதில் சொல்வது அப்பாதான். அப்பா வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பெரியப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்ல ஆரம்பித்தார். பாதி இந்தி, மீதி கை. என்னைக் காட்டினார், ஆடிட்டரைக் காட்டினார், இரண்டு விரலை நீட்டினார். அப்புறம் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு, கையை நீட்டி அப்பாவைக் காட்டினார்.

இந்தூர் பார்ட்டி அந்தக் கை போன திசையில் அப்பாவைப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, தோள் குலுங்கி, மடியிலிருந்த பொட்டலங்கள் ஒவ்வொன்றாகக் கீழே உருண்டன. அதைப் பார்த்துப் பெரியப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், மூக்கு வழியாக வந்தது. அப்பா இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அவர் முதுகு குலுங்கியது. அம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டார். பெரியம்மா மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இதில் என்ன சிரிப்பு என்று தெரியாமல் நான் மட்டும் நின்றேன். இரண்டு பார்ட்டி வரவில்லை என்றால் கவலைப்பட வேண்டாமா?

பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிள்ளைகளைப் பார்த்தார். "ஏலே, பிள்ளைக நிக்கிதுகள்லே. பேக்கரிக்கு ஆள் அனுப்பு" என்றார்.

அது என்னிடம் சொன்னதில்லை. அப்பாவைப் பார்த்து நேராகச் சொன்னது. அப்பாவிடம் சொல்லலாம் என்று நான் திரும்புவதற்குள் அப்பா எழுந்துவிட்டார்.

"எம்புட்டுப் பெருசுண்ணே வாங்கச் சொல்ல?"

"எனக்கென்னலே தெரியும்? இருக்கதுலயே பெருசு."

என் வேலை போய்விட்டது என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. ஆனால் வருத்தப்பட நேரமில்லை. அதன் பிறகு வீட்டில் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். பெரியம்மா இறங்கி வந்து நேராக எங்கள் சமையலறைக்குள் போனார். ஆயுத பூஜைக்குப் பிறகு அவர் கால் அங்கே பட்டதில்லை. மாவு எங்கே இருக்கிறது என்று கேட்கவும் இல்லை. உள்ளே அம்மாவும் பெரியம்மாவும் பூரி தேய்த்துக்கொண்டே சிரிப்பதும், சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று ஷ்ரேயாவிடம் சொன்னேன்.

பேக்கரியிலிருந்து போன் வந்தது. கேக்கின் மேல் என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா போனைக் கையால் மூடிக்கொண்டு பெரியப்பாவைப் பார்த்தார். இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த மனிதரின் பெயர் இரண்டு பேருக்கும் சட்டென்று வாயில் வரவில்லை. "இந்தூர் பார்ட்டின்னே எழுதச் சொல்லுலே" என்றார் பெரியப்பா. அப்படியே எழுதி வந்தது. ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் கிரீம், அதில் சிவப்பு எழுத்தில் 'ஹேப்பி பர்த்டே இந்தூர் பார்ட்டி'.

மெழுகுவர்த்தி ஏற்றுவதில் ஒரு சிக்கல் வந்தது. வீட்டுக்குள் தீக்குச்சி உரசக் கூடாது என்பது பெரியப்பாவின் சட்டம். சாமி விளக்கைத் தவிர வேறு எதற்கும் விலக்கு இல்லை. ஆகவே கேக்கைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் பின்பக்கத்து முற்றத்துக்குப் போனோம். மேசைக்கு இந்தப் பக்கம் ஒரு வாளி மணல், அந்தப் பக்கம் ஒரு வாளி தண்ணீர். ஒரு கேக்குக்கு இத்தனை காவலை ஷ்ரேயா அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள். ஆடிட்டர் மாமாவிடம் பலூன் பாக்கெட்டைக் கொடுத்து ஊதச் சொன்னார்கள். ஃபைலைப் பின்வாசலில் வைத்துவிட்டு அவர் கன்னம் உப்ப ஊதினார். அப்பாவும் பெரியப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நூலைப் பிடித்துக் கட்டினார்கள். "இழுலே", "விடுண்ணே" என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

இந்தூர் பார்ட்டிக்குத் தொப்பி வைத்துவிட்டோம். அவர் பேசாமல் தலையைக் குனிந்து காட்டினார். எல்லோரும் பாடினோம். பாட்டில் பெயர் வருகிற இடத்தில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, "டியர் இந்தூர் பார்ட்டி" என்று கத்தினோம். அவர் முதல் துண்டைப் பெரியப்பாவுக்கு ஊட்டினார், அதில் பாதியை எடுத்து அப்பாவின் வாயில் திணித்தார். அப்புறம் பூரி, உருளைக்கிழங்கு, பால்கோவா. பூரி எண்ணெயிலிருந்து வருவதற்குள் தட்டு காலியானது. பார்ட்டி என்றால் பூரியும் உண்டு என்று நான் சொன்னது பொய்யில்லை என்று அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது.

இருட்டத் தொடங்கியதும், சாம்பிள் வெடி எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். எந்த ரகத்தின் மேல் சண்டை வந்ததோ அந்த ரகம்தான் அப்பாவிடம் இருந்தது. பெரியப்பா பிள்ளைகளைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினார். தண்ணீர் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு போய் முற்றத்துக்கு அப்பாலிருந்த காலி மனையில் வைத்தார். ஊதுபத்தியைப் பற்றவைத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, "முகத்தத் திருப்பிக்கோலே" என்றார்.

அது மேலே போனது. போய், ஒரு நொடி ஒன்றுமில்லாமல் இருந்து, பிறகு வானம் முழுக்கப் பச்சையாக விரிந்தது. பச்சைக்குள்ளிருந்து சிவப்பு வந்தது. பிள்ளைகளின் கூச்சல் தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். பெரியப்பா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். கடைசிப் பொறி அணைந்த பிறகும் தலையை இறக்கவில்லை. அப்புறம், "சத்தத்தக் கொஞ்சம் கொறச்சா நல்லாத்தான் இருக்கும்" என்றார். இன்னொன்று போடச் சொன்னார்.

ஏழு மணிக்கு அம்மாக்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். யார் வீட்டிலும் இப்படி ஒரு பார்ட்டி நடந்ததில்லை என்று ஷ்ரேயா சொல்லிவிட்டுப் போனாள். ஆடிட்டர் மாமா ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலூன் ஒன்றையும் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். அந்த நாடா அன்று அவிழவில்லை. கம்பெனி ஒருநாளும் பிரியவில்லை என்று சொல்ல ஆசைதான். பிரிந்தது, ஆனால் பல வருடம் கழித்து. அதற்குள் அப்பாவின் ரகமும் பெரியப்பாவின் ரகமும் தனித்தனி இடம் கேட்கிற அளவுக்கு வளர்ந்திருந்தன. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரே காரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழியில் ஒன்றாகப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். மாடி அடுப்பு மட்டும் அந்தச் சனிக்கிழமையோடு அணைந்தது. இட்லி, தோசை என்று நான் தேர்ந்தெடுத்துச் சாப்பிட்ட காலம் அதோடு முடிந்தது.

இந்தூர் பார்ட்டி அன்றிரவே மதுரைக்குப் போக வேண்டும். வாசலில் கார் நின்றது. பென்சில் பெட்டி, தண்ணீர் பாட்டில், வண்ணப் பென்சில் என்று வந்த பரிசுகளில் ஒன்றைக்கூட விடாமல் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கி எடுத்துக்கொண்டார். வாசற்படியில் நின்று ஒரு கையால் அப்பாவின் கையையும் மறு கையால் பெரியப்பாவின் கையையும் பிடித்துக்கொண்டார். ஏதோ நிறையச் சொன்னார். இரண்டு பேரும் வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகள் போலத் தலையைக் குனிந்து கேட்டார்கள். அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்து கடைசியில், "மேரா பீ ஏக் பாய் தா" என்று நின்றது.

அவர் வருடாவருடம் வந்துபோகிறவர். தண்ணீர் வேண்டுமென்றால் 'தண்ணி தா' என்று தமிழில் கேட்கத் தெரியும். ஏக் என்றால் ஒன்று என்று எனக்கும் தெரியும். பாவம், காலையிலிருந்து இரண்டு வீட்டு விருந்து, மேலே கேக்கு, பூரி. களைத்துப்போயிருக்கிறார், படுக்க ஒரு பாய் கேட்கிறார். அப்பாவும் பெரியப்பாவும் அசையாமல் நின்றுகொண்டிருக்கிறார்களே தவிர ஒருவரும் எடுத்து வரவில்லை. நான் உள்ளே ஓடி, அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த கோரைப்பாயை இழுத்து வந்து, அவர் காலடியில் விரித்தேன்.

புனேயில் வேலைக்குப் போய், இந்தி காதுக்குப் பழகிய பிறகுதான், ஒருநாள் அலுவலகப் பேருந்தில் பின் இருக்கையில் யாரோ இருந்தான், இருந்தது என்பதற்கெல்லாம் 'தா', 'தா' என்று பழைய கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வாசற்படி எனக்கு ஞாபகம் வந்தது. எனக்கும் ஒரு தம்பி இருந்தான் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

அன்று அவர் பாயையே சற்று நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை ஜிப்பாவோடு அதில் உட்கார்ந்தார். பிடித்த கைகளை அவர் விடாததால் அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு பக்கமும் உட்கார வேண்டியதாயிற்று. டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. நான் சமையலறைக்குப் போய், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடமும் பெரியம்மாவிடமும் சொன்னேன். "அவுக பாய் கேட்டாக. அங்கன யாருக்குமே வெளங்கல. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்."